வண்டிக்கு அடியில் எரியும் வெளிச்சம் யாருக்கு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: வண்டிக்கு அடியில் விளக்கு மாட்டுவதை நான் எதிர்க்கவில்லை. அதை எரியவிட்டுக்கொண்டு பொதுச் சாலையில் ஓட்டுவதை எதிர்க்கிறேன்.

எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், தீபாவளிக்குப் பிறகு என்னிடம் பழைய மாணவர்கள் மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், தார் எடுத்திருக்கேன். அடியில ராக் லைட் போடலாம்னு இருக்கேன். எது நல்லது?" நாலாவது ஆள் என் தங்கை மகன். மாப்பிள்ளை கேட்கவில்லை, போட்டுவிட்டுக் குடும்ப குரூப்பில் வீடியோ அனுப்பினார். பைபாஸில் வண்டி போகிறது, அடியில் ஊதா வெளிச்சம் வழிகிறது, பின்னால் பாட்டு. பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரும் இதயம் போட்டிருந்தார்கள். "இது எதுக்கு மாப்ளே?" என்று கேட்டேன். "சும்மா ஒரு கெத்துக்கு மாமா" என்றார். நாலு பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இயற்பியல் வாத்தியாரிடம் விளக்கைப் பற்றிக் கேட்டால் பாடம் நடத்தாமல் விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

முதலில் இந்த விளக்கு எதற்காக வந்தது என்று பார்ப்போம். பேரிலேயே இருக்கிறது, ராக் லைட். அமெரிக்காவில் பாறை மேல் வண்டியை அங்குலம் அங்குலமாக ஏற்றும் பழக்கம் உண்டு. அங்கே ஹெட்லைட் உதவாது. ஹெட்லைட் தூரத்தைக் காட்டும். டயர் எந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது, டிஃபரன்ஷியல் உருண்டை எந்தக் கல்லில் இடிக்கப் போகிறது என்பதைக் காட்டாது. அதனால் சக்கரக் குழிக்குள்ளும் சேஸிஸ் ஓரத்திலும் சின்னச் சின்ன விளக்குகளை வைத்தார்கள். வண்டிக்கு வெளியே நின்று "இடது, இன்னும் இடது, நிறுத்து" என்று வழி சொல்பவருக்கு டயரும் கல்லும் தெரியவேண்டும். அந்த வேகம் மணிக்கு மூன்று, நாலு கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகத்துக்கும் கீழே.

நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், கே.சி.பட்டி பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். தார்ச்சாலை முடிந்து எஸ்டேட் பாதை தொடங்கும் இடத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று சொல்வார்கள். மண் அரித்துக் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாழைத்தாரையும் மிளகு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு அதில் இறங்கவேண்டும். சிறுமலையில் ஜீப் போகமுடியாத இடத்திலிருந்து குதிரை மேல் மூட்டை ஏற்றி இறக்கியவர்கள் நம்மவர்கள். அந்த மனிதர்களின் ஜீப்புக்கு அடியில் நாலு விளக்கு இருந்தால் அதை நான் ஆடம்பரம் என்று சொல்லவே மாட்டேன். கிளீனர் பையன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிய வேண்டியதில்லை. அவன் கால் டயருக்கு அடியில் போகும் அபாயம் குறையும். இந்த விளக்கின் நியாயமே அதுதான்.

இப்போது நம் டவுனுக்கு வருவோம். ரவுண்டு ரோட்டிலும் பழனி ரோட்டிலும் வத்தலக்குண்டு பைபாஸிலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் பார்க்கும் ஊதா, பச்சை, சிவப்பு வெளிச்சத்தில் எந்த வண்டி கல் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது? ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிரியாணிக் கடை வாசலிலிருந்து கிளம்பி இன்னொரு பிரியாணிக் கடை வாசலுக்குப் போகிற வண்டி.

இனி நீங்கள் சொல்லும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் கேட்பதுபோலவே கேளுங்கள்.

முதல் சமாதானம்: "கீழே பார்த்துத்தானே எரியுது சார், யார் கண்ணையும் கூசாதே?"

நல்ல கேள்வி. பதில் இரண்டு பாகம். ஒன்று, எதிரே வருபவர். காய்ந்த தார்ச்சாலை வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். நனைந்த சாலை கண்ணாடிபோல நடந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உன் வண்டிக்கு அடியில் இருக்கும் விளக்கின் பிம்பம் சாலையில் விழுந்து எதிரே டூவீலரில் வருபவரின் கண்ணுக்குப் போகிறது. மேலே இருந்து ஹெட்லைட், கீழே இருந்து இது. வயதானவர்கள் நிலைமை இன்னும் மோசம். கண்ணின் லென்ஸ் வயதாக ஆக மங்கும். மங்கிய லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். நீல, ஊதா வெளிச்சம் அதிகமாகச் சிதறும். புரை விழ ஆரம்பித்தவர்கள் ராத்திரியில் வண்டி ஓட்டக் கஷ்டப்படுவது இதனால்தான்.

கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு கிட்டத்தட்ட 16.7 மீட்டர். கண் கூசி மூன்று விநாடி சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள். 50 மீட்டர் தூரம் அந்த மனிதர் குருடராக ஓட்டுகிறார். நம் பள்ளி மைதானத்தின் ஒரு பக்கத்து நீளம்.

இரண்டாவது பாகம் ஓட்டுகிற உன்னைப் பற்றியது, இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. திண்ணையில் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முற்றத்துக்கு அப்பால் வாசலில் யார் நிற்கிறார் என்று தெரியாது. லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும். பக்கத்தில் வெளிச்சம் அதிகமாக இருந்தால் கண் அதற்குத் தகுந்தபடி தன்னைக் குறைத்துக்கொள்ளும்; தூரத்து இருட்டில் மங்கலாக இருப்பது கண்ணுக்குச் சிக்காது. முன் சக்கரக் குழியிலிருந்து வழியும் வெளிச்சம் உன் பானெட்டின் இரண்டு பக்கமும், இரண்டு சைடு கண்ணாடியிலும் தெரியும். நீ செலவழித்து மாட்டிய விளக்கு உன் பார்வையையே சுருக்குகிறது.

அந்தத் தூரத்து இருட்டில் யார் இருப்பார்கள் என்று திண்டுக்கல்காரனுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மார்கழி பிறந்துவிட்டால் பழனிக்குப் பாதயாத்திரை தொடங்கிவிடும். தைப்பூசம் நெருங்க நெருங்க மதுரையிலிருந்தும், நத்தம் வழியாகச் செட்டிநாட்டிலிருந்தும், திருச்சி பக்கத்திலிருந்தும் வருகிற கூட்டம் நம் ஊரைக் கடந்துதான் போகிறது. வெயிலுக்குப் பயந்து பாதிப்பேர் ராத்திரியில் நடப்பார்கள். வயதான அம்மாக்கள், தோளில் தூங்கும் குழந்தைகள், காவடி. பையிலும் கைத்தடியிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளச் சொல்கிறோம். அந்தப் பட்டைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. உன் ஹெட்லைட் அதன்மேல் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வந்தால்தான் அது மின்னும். அதைப் பார்க்க வேண்டிய கண்ணை ஊதா வெளிச்சத்தால் நீயே மழுக்கி வைத்திருந்தால், அந்த அம்மாவின் பையில் பட்டை இருந்து என்ன பிரயோஜனம்?

இரண்டாவது சமாதானம்: "கலர்ல என்ன சார் இருக்கு?"

கலரில்தான் எல்லாமே இருக்கிறது. ராத்திரியில் நாம் வண்டியைப் பார்ப்பதில்லை, விளக்குகளைத்தான் பார்க்கிறோம். வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் எதிரே வருகிறது. சிவப்பு தெரிந்தால் நமக்கு முன்னால் போகிறது. ஆரஞ்சு விட்டுவிட்டு மின்னினால் திரும்பப் போகிறது. நீலம் சுழன்றால் ஆம்புலன்ஸோ போலீஸோ, வழி விடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த எழுத்து இது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. வண்டியின் முன்பக்கம் சிவப்பு காட்டக்கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு காட்டக்கூடாது. இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. நீ ரிமோட்டில் கலர் மாற்றி மாற்றி விளையாடும்போது, எல்லாருக்கும் பொதுவான அந்த எழுத்தின் மேல் கிறுக்குகிறாய்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். 2017 மே 1 முதல் அமைச்சர்களின் காரிலிருந்தே சிவப்பு சுழல் விளக்கை எடுத்துவிட்டார்கள். "சாலையில் எல்லாரும் சமம்" என்று நாமெல்லாம் கைதட்டினோம். அமைச்சர் தலைமேல் வைத்திருந்ததை எடுக்கச் சொன்ன நாம், அதையே காலடியில் வைத்துக்கொண்டு போகலாமா?

மூன்றாவது சமாதானம்: "யாரு சார் பிடிக்கிறா? பிரைவேட் பஸ்ஸைப் பாருங்க, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு."

உண்மை. பஸ்ஸும் மினி பஸ்ஸும் சீரியல் செட்டு போட்டுக்கொண்டு ஓடுவதை நானும் தினமும் பார்க்கிறேன். தினமும் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டியை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் பையனின் ஜீப்பை மட்டும் நிறுத்தினால் அது நியாயமில்லை. முதலில் பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள் என்று அதிகாரிகளிடம் நானும் சொல்வேன். என் மாணவர்களில் சிலர் காக்கிச் சட்டையிலும் இருக்கிறார்கள், இதைப் படிப்பார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் பக்கத்து பெஞ்சில் இருப்பவன் காப்பி அடித்தான் என்பதற்காக உனக்கு மார்க் போட்டேனா எப்போதாவது?

சட்டம் என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை வைத்தே ஒரு வழக்கில் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பக்கத்து மாநிலமான கேரளத்தில் உயர் நீதிமன்றம் இந்தக் கூடுதல் விளக்குகள் விஷயத்தில் மிகக் கடுமையாக நிற்கிறது. குமுளி தாண்டி மூணாறுக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

நாலாவது சமாதானம்: "கடையிலேயே விற்கிறாங்களே சார்!"

கடையில் எலிமருந்தும் விற்கிறார்கள். விற்கிறவருக்கு விற்பதோடு வேலை முடிந்தது. வண்டியில் ஷார்ட் ஆகித் தீப்பிடித்தால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உன் பெயர். வண்டியோடு வராத மின்சாதனத்தைப் பாலிசியில் தனியாகச் சொல்லி, தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். சொல்லாமல் மாட்டிவிட்டு, கிளெய்ம் கேட்கும்போது கம்பெனிக்காரன் கேள்வி கேட்கிறான் என்று அழக்கூடாது.

இதுவரை மாட்டுகிறவர்களைப் பார்த்துப் பேசினேன். இனி எதிர்க்கட்சியைப் பார்த்தும் கொஞ்சம். நம் உறவில் சில பெரியவர்கள் இருக்கிறார்கள். "வண்டி கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும், எதைத் தொட்டாலும் தப்பு" என்பது அவர்கள் கட்சி. நான் அந்தக் கட்சியிலும் இல்லை. தாண்டிக்குடி தோட்டத்துக்காரர் தன் எஸ்டேட்டுக்குள் வைத்து எரிக்கும் வேலை விளக்கையும், பைபாஸில் மின்னும் ஊதா விளக்கையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. தோட்டத்துக்குள், கல்பாதையில், நடை வேகத்தில் எரியலாம். பொதுச் சாலையில் எரியக்கூடாது என்று விதியில் தெளிவாக எழுதி, அதற்கு ஒரு முறையான அனுமதியும் கொடுத்தால், வேலைக்காக மாட்டுகிறவர் பயப்பட வேண்டியதில்லை, வேடிக்கைக்காக மாட்டுகிறவரைப் பிடிப்பதும் சுலபம். அதுவரை, உண்மையிலேயே தேவை உள்ளவர்கள் மாட்டுவதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

சரி, தேவை இருக்கிறது, மாட்டத்தான் வேண்டும் என்பவர்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது என்று சொல்கிறேன். கடைக்காரர் எத்தனை கலர், ஆப்பில் ஓடுமா, பாட்டுக்கு ஆடுமா என்றெல்லாம் சொல்வார். கேட்கவேண்டிய விஷயம் எதையும் சொல்லமாட்டார்.

முதல் கேள்வி, உன் வண்டியில் நாலு சக்கரமும் இழுக்குமா? 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனைக்கு இருக்கிறது. நல்ல வண்டி, குறை சொல்லவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பாறை ஏறப் போவதில்லை. அதற்கு ராக் லைட் என்பது மழைக்காலமே இல்லாத ஊரில் குடைக்கடை வைப்பதுபோல.

கலர் ஒன்றே ஒன்று போதும். வெள்ளை, அதிலும் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. கல்லின் நிழலும் மண்ணின் ஈரமும் அதில்தான் சரியாகத் தெரியும். ஊதா வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் ஒரே மாதிரி இருக்கும். வேண்டுமானால் வீட்டில் சோதித்துப் பாருங்கள். மஞ்சள் கலந்திருந்தால் பூச்சியும் குறைவாக வரும்.

எண்ணிக்கை நாலு போதும், சக்கரத்துக்கு ஒன்று. நீள வண்டியாக இருந்தால் நடுவில் இரண்டு. எட்டு, பன்னிரண்டு எல்லாம் கல்யாண வீட்டுக்கு.

பெட்டியின் மேல் ஐ.பி. என்று ஒரு எண் இருக்கும், அதைப் படியுங்கள். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. 68 அதற்கும் மேல், எவ்வளவு என்று தயாரித்தவர் சொல்லவேண்டும். ஆனால் வாட்டர் சர்வீஸில் அடிக்கும் பிரஷர் தண்ணீர் வேறு சோதனை, அதற்கு 69கே என்று தனியாக இருக்கிறது. நம் ஊர் செம்மண்ணில் ஓட்டிவிட்டு வாரம் ஒருமுறை பிரஷர் வாஷ் விடுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். உடம்பு அலுமினியமாக இருக்கட்டும். எல்.இ.டி. சூடாகாது என்பது பொய். சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் சீக்கிரம் மங்கிவிடும். பிளாஸ்டிக் பட்டையைப் பசையால் ஒட்டுவதும் காந்தத்தால் ஒட்டுவதும் சித்திரை வெயிலையும் முதல் பள்ளத்தையும் தாங்காது. கழன்று சாலையில் விழுந்தால் பின்னால் டூவீலரில் வருகிறவன் கதி என்ன?

மாட்டும் இடம். சக்கரக் குழியின் மேற்பகுதியில், டயரையும் தரையையும் பார்த்து, பல்பு வெளியே நிற்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியாதபடி. மாட்டும் முன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் டயர் எங்கே வரும் என்று பார். அச்சு, ஆர்ம் போன்ற ஆடும் பாகத்தில் மாட்டாதே. சைலன்சர் பக்கம் போகாதே. சேஸிஸில் புதிதாக ஓட்டை போடாதே. கம்பெனி விட்டிருக்கும் ஓட்டையையே பயன்படுத்து. பிரேக் பைப், டீசல் பைப்போடு சேர்த்து வயரைக் கட்டுவது கொலைபாதகம். அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

வயரிங்தான் உயிர். ஒரு விளக்கு 9 வாட் என்றால் எட்டு விளக்குக்கு 72 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியர். பத்தாம் வகுப்புக் கணக்கு. அதற்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் போதும். நாலு விளக்குதான் என்றால் பாதிதான், 5 ஆம்பியர் ஃபியூஸே தாங்கும். அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். ஏன்? ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசி சேஸிஸைத் தொட்டால் அந்த இடத்துக்குக் காவலே இல்லை. கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், வயர் பழுத்துவிடும், அதைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக்கும் டீசலும்.

ஹெட்லைட் வயரைச் சுரண்டி அதிலிருந்து கரண்ட் எடுப்பது நம் ஊர்ப் பழக்கம். கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து தனி லைன், ரிலே, சுவிட்ச். ஜாயின்ட்டை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் எஞ்சின் சூட்டில் பசை உருகி டேப் அவிழ்ந்துவிடும். கிரிம்ப் அடித்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடு. தகட்டைத் துளைத்து உள்ளே போகும் இடத்தில் ரப்பர் வளையம், வெளியே ஓடும் இடமெல்லாம் நெளிவுக் குழாய். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை முறுக்கிய பிறகு கிரீஸ் தடவு. இல்லாவிட்டால் ஒரே மழையில் துரு.

கடைசியாக எல்லாவற்றையும்விட முக்கியமானது சுவிட்ச். உங்களில் நாலு சக்கரமும் இழுக்கும் தார், ஜிம்னி, கூர்க்கா வைத்திருப்பவர்களுக்கு ஃபோர் வீல் லோ கியர் இருக்கிறது. அந்த லோ கியர் விழுந்தால் மட்டும் ரிலே வேலை செய்யும்படி இணைக்கச் சொல்லுங்கள். லோ கியரில் நெடுஞ்சாலையில் யாரும் ஓட்டமுடியாது. கல்லில் இருக்கும்போது விளக்கு எரியும், தார்ச்சாலைக்கு வந்து கியரை மாற்றியதும் தானாக அணையும். போலீஸும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம். புது வண்டிகளில் அந்தச் சமிக்ஞையை வயரை வெட்டி எடுக்க முயலாதீர்கள், கம்ப்யூட்டர் கோளாறாகிவிடும். விஷயம் தெரிந்தவரிடம் போங்கள். முடியாவிட்டால் மூடி போட்ட தனி சுவிட்சும், விளக்கு எரியும் வரை டேஷ்போர்டில் எரியும் ஒரு சின்ன சிவப்பு பல்பும் வையுங்கள். ரிமோட் வேண்டாம், போன் ஆப் வேண்டாம்.

இந்த ஒரு யோசனையைச் சொன்னதும் என் தங்கை மகனின் முகம் வாடிவிட்டது. "அப்ப ரோட்ல எரியவே எரியாதா மாமா?" என்றார். எரியாது மாப்ளே. பாதைக்காகத்தான் மாட்டினேன் என்பது உண்மையானால், சாலையில் எரியாமல் போவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? இது ஒன்றே போதும், யார் எதற்காக மாட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க.

சாலையில் எரிக்காமல் காட்டுக்குப் போய் எரிக்கிறோம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி சிறுமலையில் ராத்திரி போட்டோ எடுப்பது, அய்யலூர் பக்கம் காட்டோரம் வண்டியை நிறுத்தி டிரோன் விடுவது எல்லாம் இப்போது நடக்கிறது. நம் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே தேவாங்குக்கு என்று அமைந்த முதல் சரணாலயம். வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டங்களில் பரவியிருக்கிறது. தேவாங்கு ராத்திரியில் மட்டும் நடமாடும் பிராணி. கையளவு உடம்பு, முகம் முழுக்கக் கண். நிலா வெளிச்சமே போதும் என்று அமைந்த கண் அது. பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். அதன் கண்ணுக்கு முன்னால் 72 வாட்டை மின்னவிட்டு நீ எடுக்கும் ரீல்ஸுக்கு எத்தனை லைக் வந்தால் ஈடாகும்? அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். ஒட்டாத வண்டியை நிறுத்தி ஒட்டிவிட்டு அனுப்புவார்கள். எதிரே வருபவன் கண் கூசக்கூடாது என்பதற்காகத் தன் வெளிச்சத்தில் கொஞ்சம் மறைத்துக்கொண்ட காலம். பல்பும் லென்ஸும் மாறியது, அந்தப் பொட்டுக்கு வேலை இல்லாமல் போனது. எதிரே வருபவன் கண் அப்படியேதான் இருக்கிறது.

ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் பூட்டின் வெளிப் பளபளப்பால் வந்ததில்லை. யாரும் திறந்து பார்க்காத உள்வேலையால் வந்தது. உங்கள் வேலையும் வண்டிக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் இருக்கிறது. "ஃபியூஸ் வேண்டாம், சீக்கிரம் முடி" என்று வாடிக்கையாளர் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். "ரோட்ல எரியற மாதிரி கலர் லைட் போட்டுக் கொடு" என்றாலும் முடியாது என்று சொல்லுங்கள். ஐந்நூறு, ஆயிரம் போகும், போகட்டும். நீங்கள் மறுத்தால் அவர் அடுத்த கடைக்குப் போவார் என்பது எனக்கும் தெரியும். அடுத்த கடைக்காரரும் என் மாணவராகவே இருக்க வாய்ப்பு உண்டு, அதனால்தான் இதை எல்லாருக்கும் தெரியப் பொதுவில் எழுதுகிறேன்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் செய்யவேண்டியது மூன்று. இன்றைக்கே ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள். இந்த வாரத்துக்குள் வண்டியை மேலே தூக்கி வயரிங்கைப் பாருங்கள், ஃபியூஸ் இல்லாவிட்டால் லைனைத் துண்டியுங்கள். தைப்பூசக் கூட்டம் சாலைக்கு வருவதற்கு முன்னால், தேவையில்லாதவர்கள் விளக்கையே கழற்றிவிடுங்கள். தேவை உள்ளவர்கள் லோ கியரோடு இணையுங்கள். மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வண்டியோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். காபி உண்டு.

திட்ட நினைப்பவர்கள் தாராளமாகக் கீழே திட்டலாம். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் மார்க் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்
திண்டுக்கல்